வரைந்தவர் எங்கே நின்றார்? 19ஆம் நூற்றாண்டுப் போர்ச் சித்திரங்களைப் பார்க்கும் முறை

நான் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுப்பவள். 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் வந்த போர்ச் சித்திரங்களைத் தொடக்கத்தில் தொழில் கற்பதற்காகத்தான் பார்த்தேன். வெறும் கோடுகளை வைத்துப் புகையை எப்படிக் காட்டியிருக்கிறார்கள், குதிரையின் விலாவில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதெல்லாம்தான் அப்போது என் கவலை. படத்தில் இருப்பது நடந்ததா என்று கேட்கவே தோன்றியதில்லை.

ஒருமுறை சிறிய கூட்டம் ஒன்றில் கிரிமியப் போர்ப் படங்களைத் திரையிட்டுப் பேசினேன். பாலக்லாவாவில் பிரிட்டிஷ் இலகுரகக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த காட்சி; வரைந்தவர் வில்லியம் சிம்ப்சன். "களத்தில் இருந்தவர் கண்ணால் கண்டு வரைந்தது" என்று அடித்துச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற ராணுவ வீரர் ஒருவர் கையைத் தூக்கினார். "அம்மா, அந்தப் பாய்ச்சல் நடந்தபோது வரைந்தவர் எங்கே நின்றார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். பாய்ச்சல் நடந்தது 1854 அக்டோபர் 25. சிம்ப்சன் கிரிமியாவில் கால் வைத்ததே நவம்பரில்தான்.

அன்றிலிருந்து எந்தப் போர்ச் சித்திரத்தைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் கேட்கிறேன். அதற்குப் பதில் தேடும் வழியை இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய தெளிவான மின்படம் போதும்.

படத்துக்கு முன்னால் ஓரங்களைப் படியுங்கள்

கண் தானாகவே படத்தின் நடுவுக்குத்தான் போகும். அதைப் பிடித்து இழுத்துக் கீழ் ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். அச்சுப் படமாக இருந்தால் பெரும்பாலும் இடது மூலையில் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். பெயருக்குப் பின்னால் சிறிய லத்தீன் சுருக்கம் ஒன்று நிற்கும். 'டெல்' என்றால் வரைந்தவர், 'ஸ்கல்ப்' என்றால் செதுக்கியவர், 'பிங்ஸ்' என்றால் வண்ணம் தீட்டியவர், 'லித்' என்றால் கல்லச்சுக்காகக் கல்லின் மேல் வரைந்தவர். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு ஆட்கள். பல நேரங்களில் இரண்டு ஊர்கள். ஒருவர் போர்முனையில், மற்றவர் லண்டனில் ஒரு மேசைக்கு முன்னால்.

அடுத்துத் தலைப்பு வரி. 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்திரிகையும் 1869இல் அதற்குப் போட்டியாக வந்த கிராஃபிக் பத்திரிகையும் போர்முனைக்குத் தங்கள் 'சிறப்பு ஓவியர்'களை அனுப்பின. படத்தின் அடியில் 'எங்கள் சிறப்பு ஓவியர் அனுப்பிய ஸ்கெட்சிலிருந்து' என்று இருக்கும். அந்த 'இலிருந்து' என்ற உருபில் விரலை வையுங்கள். கப்பல் பயணமும் அச்சுக்கூட வேலையும், முகம் தெரியாத பல கைகளும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. மெல்ட்டன் ப்ரையர் போன்றவர்கள் களத்திலிருந்து அனுப்பிய அவசரக் கோடுகளை, ரிச்சர்ட் கேட்டன் வுட்வில் போன்றவர்கள் பத்திரிகைக்காக முழுப் படமாக மறுபடி வரைந்தார்கள். பார்ப்பவர் மனத்தைக் கவர்ந்த அந்த வீரப் பாவனை பல நேரங்களில் இரண்டாமவரின் கைவண்ணம்.

லென்ஸை வானத்தின் மேல் வையுங்கள்

இது என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அக்காலப் பத்திரிகைப் படங்கள் பாக்ஸ் என்ற மரத்தில் செதுக்கப்பட்டவை. தண்டைக் குறுக்கே அறுத்து, அந்த அறுத்த முகத்தில்தான் செதுக்குவார்கள். இரும்பு போல இறுகிய மரம்; மயிரிழைக் கோட்டையும் தாங்கும். குறை என்னவென்றால் அதன் தண்டு ஒடுங்கியது. ஒரு முழுப் பக்கத்துக்குப் போதுமான அகலப் பலகை அதிலிருந்து கிடைக்காது. அதனால் சிறு சிறு கட்டைகளை அடுக்கி, பின்புறத்தில் போல்ட் போட்டு இறுக்கி, ஒரே பலகையாக்கினார்கள். மேற்பரப்பில் வெள்ளை பூசி, அதன் மேல் படத்தை இடவலம் மாற்றி வரைந்தார்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு கட்டையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். வார இதழ் காத்திருக்காது அல்லவா? விளக்கொளியைக் குவிப்பதற்காகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை முன்னால் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் ஒருவர் வானத்தையும் ஒருவர் புகையையும் ஒருவர் குதிரைகளையும் செதுக்கினார்கள். முகங்களுக்குக் கைதேர்ந்தவர்கள். கட்டைகளைப் பிரிக்கும் முன்பே, இணைப்பைக் கடந்து போகும் கோடுகளை மட்டும் தலைமைச் செதுக்குநர் தன் கையால் வெட்டிக் கொடுப்பார்; மற்றவர்கள் அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

எவ்வளவு இறுக்கினாலும் இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தின் வானப் பகுதியைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது முடி போன்ற ஒரு வெள்ளைக் கோடு, அளவுகோல் வைத்தது போல நேராக ஓடும். அதைக் கடந்து போகும் மேகக் கோடுகள் ஒரு இம்மி தள்ளி நிற்கும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை வரிசையாகக் கண்ணில் படும். முழுப் படமும் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். நானே இரண்டு கட்டைகளை இணைத்துச் செதுக்கிப் பார்த்தேன். இரண்டுமே என் கைதான். அப்படியும் இடது பக்க மேகம் ஒரு மாதிரி, வலது பக்க மேகம் ஒரு மாதிரி வந்தது. பத்துப் பேர் கை பட்ட படத்தில் எவ்வளவு மாறியிருக்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று ஊகிக்க இது உதவும். புகை மண்டலம், தூரத்துப் படைவரிசை, வானம், முன்னால் கிடக்கும் உடைந்த சக்கரம் ஆகியவையெல்லாம் அச்சுக்கூடத்தில் பழக்கத்தால் நிரப்பப்படும் இடங்கள். ஒரே பத்திரிகையில் வேறு வேறு போர்களின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அதே புகைச் சுருள், அதே வெடிக்கும் குண்டு திரும்பத் திரும்ப வரும். களத்திலிருந்து வந்த செய்தி பெரும்பாலும் நில அமைப்பிலும் படை நின்ற திசையிலும்தான் தங்கியிருக்கும்.

மூல ஸ்கெட்ச் கிடைத்தால் அதைவிட நல்ல பாடம் வேறில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹார்ப்பர்ஸ் வீக்லிக்காக வரைந்த ஆல்ஃபிரட் வாடின் மூல ஸ்கெட்சுகள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நான் அடிக்கடி திரும்பிப் போவது 1864 மே மாதத்து வில்டர்னஸ் போரில் அவர் வரைந்த ஒன்றுக்கு. காடு தீப்பற்றிக்கொண்டது, நடக்க முடியாத காயப்பட்டவர்கள் உள்ளே கிடக்கிறார்கள். துப்பாக்கிகளையும் போர்வையையும் தூளியாக்கி ஒருவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பென்சில் சில இடங்களில் தாளைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. தழலும் புகையும் வரும் இடத்தில் வெள்ளை வண்ணத்தின் அவசரத் தீற்றல். வாட் எங்கே நின்றார் என்ற கேள்விக்கு அந்தக் கோடுகளின் பதற்றமே பாதிப் பதில். இத்தகைய தாள்களின் ஓரங்களில் செதுக்குபவருக்கான குறிப்புகளும் கிறுக்கப்பட்டிருக்கும். அவற்றையும் விடாமல் படியுங்கள். பிறகு பத்திரிகையில் வந்த வடிவத்தை அருகே வையுங்கள். நான் ஒப்பிட்டவரை, அரைகுறைக் கோடாக இருந்தவன் அச்சில் பொத்தான் வரை முழுமையான வீரனாகிவிடுகிறான். தாளில் வெற்றிடமாக விட்ட மூலை அச்சில் நிரம்பிவிடுகிறது.

மூன்று தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த நாள், வரைந்தவர் அந்த இடத்துக்கு வந்த நாள், படம் வெளிவந்த நாள். சிம்ப்சனின் பாலக்லாவா படத்தில் நான் தவறியது இரண்டாவது தேதியில். தேதி பொருந்தாவிட்டால் படத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. யாரிடம் கேட்டு வரைந்தார் என்று தேட வேண்டும்.

சிம்ப்சன் பாய்ச்சலில் தப்பியவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார். வரைந்ததைப் படையை முன்னின்று நடத்திய கார்டிகன் பிரபுவிடம் காட்டினார். துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில் தங்கியிருந்தவர் அந்தப் பிரபு. பார்த்தார், எல்லாமே தவறு என்றார். சிம்ப்சன் மீண்டும் விசாரித்து இரண்டாவதாக ஒன்று வரைந்து கொண்டுபோனார். அதற்கும் அதே பதில். மூன்றாவதைப் பார்த்ததும் பிரபு மனம் குளிர்ந்து பாராட்டினார். என்ன மாறியது என்பதைச் சிம்ப்சனே தன் நினைவுக் குறிப்புகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: முதல் இரண்டையும் விட மூன்றாவதில், படைக்கு முன்னால் பிரபு எடுப்பாகத் தெரியும்படி கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டாராம். இதைப் படித்தபோது எனக்குச் சிம்ப்சன் மீது மதிப்புத்தான் கூடியது. இப்படி உண்மையை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

நம்மிடையே அதிகம் சுற்றும் ஒரு படத்துக்கும் இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பீரங்கி வாய்களில் இந்தியர்களைக் கட்டி வைத்து, வெள்ளைச் சிப்பாய்கள் விறைத்து நிற்கும் ரஷ்ய ஓவியர் வசீலி வெரெஷ்சாகினின் ஓவியம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் நேரடிச் சாட்சியம் என்றே பலரும் பகிர்கிறார்கள். வெரெஷ்சாகின் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தது 1874இல். அந்த ஓவியம் 1880களில் தீட்டப்பட்டது. சிப்பாய்களின் சீருடையும் அந்த 1880களின் சீருடைதான். பீரங்கி வாயில் கட்டிக் கொன்ற கொடுமை உண்மை. அதில் ஐயமே இல்லை. ஆனால் இந்த ஓவியத்தை அடுத்த தலைமுறையின் குற்றச்சாட்டாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் அதன் கனம் கூடுகிறது: கால் நூற்றாண்டு கழித்தும் ஒருவரால் அதை மறக்க முடியவில்லை.

அதே கிளர்ச்சியில் லக்னோவில் முற்றுகையில் சிக்கிய ஆங்கிலேயரை மீட்டதைத் தாமஸ் ஜோன்ஸ் பார்க்கர் தீட்டிய ஓவியமும் இப்படித்தான். பார்க்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எக்ரான் லுண்ட்கிரன் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர் 1858இல் வந்து குவித்த ஸ்கெட்சுகளை வைத்து லண்டனில் தீட்டினார். மீட்பு நடந்தது 1857 நவம்பரில். ஆக, ஸ்கெட்ச் போட்டவரும் அந்த நாளைப் பார்க்கவில்லை.

குதிரையின் கால்களைப் பாருங்கள்

இது விரைவாகச் செய்யக்கூடிய சோதனை. பழைய ஓவியங்களில் ஓடும் குதிரை முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, நான்கும் தரையைத் தொடாமல் பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் இதை நிரூபித்தன. குதிரைகளை நுணுக்கமாகத் தீட்டிப் பெயர் பெற்ற பிரெஞ்சு ஓவியர் மெய்சோனியே அந்தப் படங்களைக் கண்டு திகைத்துப் போனார். அதற்கு முன் தீட்டிய படத்தில் குதிரை பறந்தால் அது அக்கால வழக்கம். அதை வைத்து ஓவியரைக் குறை சொல்லக் கூடாது. அதற்குப் பின்னும் பறந்தால், பழைய அச்சுகளைப் பார்த்து வரைந்தாரோ என்று சந்தேகப்படலாம்.

எலிசபெத் தாம்சன், திருமணத்துக்குப் பின் லேடி பட்லர், எந்தப் போரையும் நேரில் பார்த்ததில்லை. 1874இல் லண்டன் ராயல் அகாடமியில் அவருடைய 'ரோல் கால்' ஓவியத்தைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு போலீஸ்காரரையே நிறுத்த வேண்டியிருந்தது. பனியில் களைத்து நிற்கும் கிரிமிய வீரர்களின் பெயர்களைக் கூப்பிட்டுச் சரிபார்க்கும் காட்சி அது. போரைப் பார்க்காத குறையை அவர் உழைப்பால் ஈடு செய்தார். வாட்டர்லூ போர்க் குதிரைப்படைக் காட்சிக்காக, சீறி வரும் குதிரைப்படைக்கு எதிரே ஆல்டர்ஷாட் பயிற்சி மைதானத்தில் நின்று பார்த்தார். 1881இல் வெளிவந்த 'என்றென்றும் ஸ்காட்லாந்து' ஓவியத்தில் குதிரைகள் நம் மேலேயே பாய்வது போல இருப்பது அதனால்தான். வரைந்தவர் எங்கே நின்றார் என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் இருக்கிறது: பயிற்சி மைதானத்தில், குதிரைகளுக்கு நேர் எதிரே.

யார் பெரிதாக இருக்கிறார், யார் இல்லவே இல்லை

படத்தில் தளபதி எவ்வளவு உயரம் என்று விரலால் அளந்து பாருங்கள். சாதாரணச் சோதனைதான், நிறைய சொல்லும். கார்டிகன் பிரபுவின் கதையைப் பார்த்தோம். அதற்கு நேர் எதிர், ரஷ்ய-துருக்கியப் போரை வைத்து வெரெஷ்சாகின் தீட்டிய ஷிப்கா-ஷெய்னவோ ஓவியம். வெற்றி வீரரான ஜெனரல் ஸ்கோபெலெவ் வெள்ளைக் குதிரையில் படைவரிசைக்கு முன்னால் பாய்ந்து போகிறார். வீரர்கள் தொப்பிகளை வீசுகிறார்கள். இவ்வளவும் தூரத்தில், சிறிதாக. நம் காலடியில், படத்தின் முன்பகுதி முழுவதும், பனியில் விறைத்த பிணங்கள். ஓவியர் தன் இடத்தை இறந்தவர்களின் நடுவே தேர்ந்தெடுத்துவிட்டார். இந்தப் போரில் அவரே டான்யூப் நதியில் படுகாயம் பட்டவர். 1904இல் ரஷ்ய-ஜப்பானியப் போரைப் பார்க்கப் போய், ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே வெடித்து மூழ்கிய பெட்ரோபாவ்லாவ்ஸ்க் போர்க்கப்பலோடு இறந்து போனார்.

கடைசியாக, படத்தில் இல்லாதவர்களை எண்ணுங்கள். எனக்கு மிக நெருக்கமான சோதனை இதுதான். பட்லரின் 1879ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையில் மிஞ்சிய மருத்துவர் வில்லியம் பிரைடன், சாகக் கிடக்கும் குதிரை மேல் தனியாக ஜலாலாபாத்தை நோக்கி வருகிறார். பார்ப்பவர் நெஞ்சு அடைக்கும். ஆனால் காபூலை விட்டுப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். அதில் ஐரோப்பியச் சிப்பாய்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் இந்தியச் சிப்பாய்களும், சமையல்காரர், பல்லக்குத் தூக்கிகள், ஒட்டகக்காரர், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும். அந்தப் பரந்த வெற்று நிலம்தான் அவர்களுக்குக் கிடைத்த இடம். ஓவியத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வெறுமையில் யார் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அதே படம் வேறொன்றாகிவிடுகிறது.

சில படங்களில் ஆளையே மாற்றிவிட்டார்கள். ஜோசஃப் நோயல் பேட்டன் 1858இல் காட்சிக்கு வைத்த 'இன் மெமோரியம்' ஓவியத்தில், ஒடுங்கிக் கிடக்கும் ஆங்கிலப் பெண்களை நோக்கி இந்தியச் சிப்பாய்கள் கதவு வழியாக நுழைந்தார்கள். பார்த்தவர்கள் பொறுக்க முடியாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பேட்டன் சிப்பாய்களை அழித்துவிட்டு, அதே வாசலில் மீட்க வரும் ஸ்காட்லாந்து வீரர்களைத் தீட்டினார். பெண்களின் முகத்தில் இருந்த பீதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஓவியத்தின் படம் கிடைத்தால் வாசலையும் முகங்களையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லவில்லை.

புகைப்படம் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ரோஜர் ஃபென்டன் 1855இல் கிரிமியாவில் எடுத்த பள்ளத்தாக்குப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்றில் பாதையின் மேல் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன, மற்றதில் பாதை காலியாக இருக்கிறது. ஃபெலிஸ் பியாட்டோ லக்னோ சிக்கந்தர் பாக் முற்றத்தில் எலும்புக் கூடுகளோடு எடுத்த படம், சண்டை முடிந்து மாதங்கள் கழித்து 1858இல் எடுத்தது. அதே கேள்வி, அதே மூன்று தேதிகள்.

இப்போது கிரிமியா பற்றிப் பேசும்போது நான் பாய்ச்சலில் தொடங்குவதில்லை. 1855-56இல் வெளிவந்த சிம்ப்சனின் அதே கல்லச்சுத் தொகுதியில் இன்னொரு படம் இருக்கிறது: பாலக்லாவாவிலிருந்து செவஸ்டபோல் போகும் பாதையில், கதிகோய் என்ற இடத்தில், மழைச் சேற்றில் வண்டிகளும் விலங்குகளும் சிக்கித் திணறுகின்றன. எடுப்பாகத் தெரியும் பிரபு யாரும் அதில் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் சிம்ப்சன் அந்தப் பாதையில் நடந்தவர். அதைத்தான் முதலில் திரையில் போடுகிறேன். யாராவது எழுந்து அந்தப் பெரியவரின் கேள்வியைக் கேட்டால், இந்த முறை என்னிடம் பதில் இருக்கிறது.